ராத்திரி கபடிக்கு கேமரா மாற்றும் முன்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் ஆட்டத்தைப் படம் எடுக்கிறவர்களுக்கு வேலை இரண்டு விதம். பொங்கல் முடிந்ததும் வெயிலில் எருது விடும் விழா. மற்றபடி ஊர்த் திடலில் ராத்திரி கபடி. எருதுக்கு கேனான் 1500டி-யும் 55-250 லென்ஸும் போதும். பகல் வெளிச்சத்தில் ஷட்டர் வேகம் 1/1600 விநாடி தாராளமாக வரும். கபடியில்தான் வண்டி படுத்துவிடும். ஃபோகஸ் லைட் என்று பேர்தான், கேமராவுக்கு ஃபோகஸும் கிடைக்காது, லைட்டும் பத்தாது.

புது பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) தேடும் முன் ஒரு கணக்கு. கேமராவோடு வரும் கிட் லென்ஸை 55-க்கு இழுத்தால் எஃப் 5.6 (இந்த எண் குறையக் குறைய லென்ஸ் வெளிச்சத்தைக் கூடுதலாக விடும்). ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 6400 வைத்தும் திடலில் ஷட்டர் 1/160-தான் கிடைக்கிறது என்று வையுங்கள். ரெய்டரின் கை கோடாக இழுபடும். ஆளைப் பிடித்து மடக்கும் நொடிக்கு 1/640-ஆவது வேண்டும், 1/1000 என்றால் நல்லது. அதே வெளிச்சத்தில் எஃப் 1.8 லென்ஸைப் போட்டால் 1/1500 வரை போகலாம். விலை கூடிய பாடியிலும் கிட் லென்ஸே இருந்தால், அதே ஐஎஸ்ஓ-வில் அந்த 1/160 மாறாது. அதனால் முதல் செலவு லென்ஸுக்கு.

எந்த லென்ஸ் என்பதை நிற்கிற இடம் சொல்லும். ஆண்கள் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். 1500டி போன்ற கிராப் பாடியில் (சென்சார் சிறியது) 10 மீட்டர் தள்ளி நின்றால் 85 எம்எம் சுமார் இரண்டரை மீட்டர் அகலத்தைக் காட்டும், 50 எம்எம் நாலரை மீட்டர். கோட்டை ஒட்டி உட்கார இடம் கிடைத்தால் 50. கூட்டத்துக்குப் பின்னால் என்றால் 85. 70-200 எஃப் 2.8 ஜூம் லென்ஸ் இரண்டுக்கும் ஆகும். ஆனால் பழையது வாங்கினாலும் பணம் கொட்டவேண்டும், கழுத்தும் வலிக்கும்.

லென்ஸுக்குப் பிறகும் மிச்சமிருக்கும் குறை பாடியுடையது. 1500டி-யில் ஃபோகஸ் புள்ளி 9, விநாடிக்கு 3 படம். ரெய்டர் திரும்பிப் பாயும்போது நடுப்புள்ளியைத் தவிர வேறெதையும் நம்ப முடியாது. கேனானின் ஆர்10, ஆர்7 இரண்டும் மெக்கானிக்கல் ஷட்டரில் விநாடிக்கு 15 படம். ஆர்7-இல் கூடுதலாக இரண்டு கார்டு இடம் உண்டு. கேனானின் பழைய ஈஎஃப் வகை லென்ஸும் இவற்றில் அடாப்டர் வைத்தால் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். நிகான்காரர்களுக்கு பழைய டி500 இன்னும் மோசமில்லை: 153 புள்ளி, விநாடிக்கு 10. அதன் முதல் கார்டு இடம் எக்ஸ்கியூடி என்ற தனி வகை கார்டுக்கு. கார்டு விலையையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

கடையில் யாரும் சொல்லாதது ஃபிளிக்கர், அதாவது விளக்கின் துடிப்பு. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பல விளக்குகள் விநாடிக்கு 100 தடவை கூடிக் குறையும். 1/1000-இல் அதில் ஒரு துண்டுதான் சிக்கும். வரிசையாக எடுத்ததில் ஒன்று பளிச், அடுத்தது இருட்டு, இன்னொன்று மஞ்சள். ஆர்10, ஆர்7, டி500 மூன்றிலும் ஃபிளிக்கர் குறைப்பு உண்டு. அது விளக்கு உச்சத்துக்கு வரும்வரை காத்திருந்து சுடும், அதனால் வேகம் கொஞ்சம் இறங்கும். ஜெனரேட்டரில் லைட் எரிந்தால் ஹெர்ட்ஸ் நிலையாக இருக்காது, அங்கே இது தடுமாறலாம். எலக்ட்ரானிக் ஷட்டரைத் தொடவே வேண்டாம். குறுக்கே இருட்டுப் பட்டை விழும், ஓடுகிறவன் கால் வளையும். பகலில் எருதின் காலும் அப்படியே வளையும்.

ஃபோகஸை, ஓடும் ஆளை விடாமல் தொடரும் சர்வோவில் வைத்து, முழு சட்டத்தையும் திறந்துவிடாமல் நடுவில் ஒரு சோன் (சிறு பகுதி) மட்டும் கொடுங்கள். இல்லையென்றால் முன்னால் வந்து நிற்கும் நடுவரைப் பிடித்துக்கொள்ளும்.

பழைய பாடி என்றால் எஃப் 16-இல் வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தே காசு கொடுங்கள். சென்சார் அழுக்கு புள்ளியாகத் தெரியும். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சையும் பாருங்கள். எருது விடும் தெருவில் லென்ஸைக் கழற்றவே கூடாது. அந்தச் செம்மண் தூசி உள்ளே போனால் அடுத்த சர்வீஸ் வரைக்கும் வானமெல்லாம் புள்ளிதான்.