வெள்ளச்சி குட்டி போட்ட இரவு

பன்றியின் சினைக்காலம் 114 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்பது பக்கத்து வீட்டுப் பெரியப்பாவின் கணக்கு. ஓரிரு நாள் முன்பின் ஆகலாம். ஆண் பன்றியோடு சேர்த்த தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருந்ததால், மார்கழி பிறக்கும் சமயத்தில்தான் வெள்ளச்சி குட்டி போடுவாள் என்று முன்பே தெரியும். பெங்களூரை அடுத்த எங்கள் ஆனேக்கல் பக்கம் மார்கழி இரவுகளில் குளிர் 15 டிகிரி வரை இறங்கும். பிறந்த குட்டிக்கு வேண்டியதோ 32 முதல் 35 டிகிரி. தாய்க்கு அவ்வளவு சூடு ஆகாது, அவளுக்கு இருபதை ஒட்டி இருந்தால் போதும். ஒரே கொட்டகைக்குள் இரண்டு தட்பவெப்பம் வேண்டும் என்பதுதான் இதில் முதல் சிக்கல்.

அதனால் ஒரு வாரம் முன்பே தனி அறையைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் காயவைத்தோம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்தும் ஒரு சாண் உயரத்தில் இரும்புக் குழாய் ஓடுகிறது. தாய் சரிந்து படுக்கும்போது குட்டி அந்த இடுக்கில் ஒதுங்கித் தப்பிக்கும். பிறந்த குட்டிகளில் பல, நோயால் இல்லாமல் தாயின் உடலுக்கடியில் நசுங்கித்தான் போகின்றன. மூலையில் ஒரு மரப்பெட்டி, உள்ளே வைக்கோல், மேலே பல்பு. கரண்ட் போனால் சுடுதண்ணீர் நிரப்பிச் சாக்கில் சுற்றி வைக்கப் பழைய பாட்டில்களை அத்தை எடுத்து வைத்திருந்தார். மலச்சிக்கல் வந்தால் பிரசவம் இழுக்கும் என்பதால் கடைசி நாட்களில் தீவனத்தைக் குறைத்துத் தவிட்டைக் கூட்டினோம்.

அன்று காலையிலிருந்தே அவள் ஓரிடத்தில் நிற்கவில்லை. வைக்கோலை வாயில் கவ்விக்கொண்டு போய் ஒரு மூலையில் குவிப்பாள், கலைப்பாள், மறுபடி குவிப்பாள். சாயங்காலம் காம்பை லேசாக அழுத்தியதும் வெள்ளையாகப் பால் பீறிட்டது. பால் அப்படி வந்துவிட்டால் பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் குட்டி வந்துவிடும். என் வீட்டுக்காரருக்குப் பொம்மசந்திராவில் நைட் ஷிப்ட். நானும் அத்தையும் பெரியப்பாவும்தான் இருந்தோம்.

பெரியப்பா கோலார் தங்கவயல்காரர். 2001-ல் சுரங்கம் மூடிய பிறகு பெங்களூர் வந்தவர். அங்கே சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் இருந்த காலத்திலேயே பன்றி வளர்த்திருக்கிறார். 2020-ல் அஸ்ஸாமில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் வந்தது தெரிந்ததிலிருந்து நாங்கள் வெளியாட்களைக் கொட்டகைக்குள் விடுவதில்லை. அவரும் செருப்பைக் கழற்றி, கால் கழுவி, எங்கள் பூட்ஸைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார். ஒருநாளும் அதற்கு முகம் சுளித்ததில்லை.

ஒன்பது மணி வாக்கில் வெள்ளச்சி ஒருக்களித்துப் படுத்தாள். வாலை வெடுக்கென்று ஆட்டினாள். அடுத்த நொடி முதல் குட்டி வந்து விழுந்தது. துணியால் மூக்கையும் வாயையும் துடைத்து, உடம்பை நன்றாகத் தேய்த்துக் காயவைத்தேன். ஈரத்தோடு விட்டால் சூடு வேகமாக இறங்கிவிடும், அதன் பிறகு பால் குடிக்கத் தெம்பு இருக்காது. தொப்புள்கொடியை இரண்டு அங்குலம் விட்டு நூலால் கட்டி நறுக்கி, டிங்சர் அயோடினில் முக்கினேன். இரண்டாவது குட்டிக்குப் பின்னங்கால் முன்னே வர, தலை கடைசியாக வந்தது. பன்றிக்கு அது சகஜம், பயப்பட வேண்டியதே இல்லை. கால் மணிக்கு ஒன்றாக ஐந்து குட்டிகள் வந்தன.

அதோடு நின்றுவிட்டது.

வெள்ளச்சி முக்கினாள், கால்களை உதைத்தாள், எதுவும் வரவில்லை. கை போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். "கைய விடாதம்மா. பொறு. அவசரப்பட்டுத் தொட்டா புண்ணாயிடும்," என்றார் பெரியப்பா. தாய் அமைதியாகப் படுத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தால் இடைவெளி கொஞ்சம் நீண்டாலும் பொறுக்கலாம். விடாமல் முக்கியும் அரை மணிக்கு மேல் ஒன்றும் வரவில்லை என்றால் அது வேறு கதை. முக்கால் மணி ஆனதும் அவரே சொன்னார்: "இது சரியில்லம்மா. டாக்டருக்குப் போன் போடு."

எங்கள் டாக்டர் ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியில் படித்தவர், கன்னடம் கலந்த தமிழில் பேசுவார். அப்போது வேறோர் ஊரில் மாட்டுப் பிரசவத்தில் இருந்தார், வர இரண்டு மணி நேரமாவது ஆகும். இங்கே ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். தாமதமானால் உடனே, கருப்பையைச் சுருங்கித் தள்ள வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி போடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. வழியில் குட்டி குறுக்கே சிக்கியிருக்கும்போது அந்த ஊசியைப் போட்டால் கருப்பை மூடிய கதவின் மேல் முட்டுவதுபோலத்தான், கிழிந்தும் போகலாம். வழி திறந்திருக்கிறது, அடைப்பு இல்லை என்று பார்த்த பிறகுதான், அதுவும் டாக்டர் சொல்லும் அளவில்தான் போட வேண்டும். வீட்டில் மருந்து இருந்தும் நான் தொடவில்லை.

"முதல்ல எழுப்பி ரெண்டு சுத்து நடக்க வைங்க, மறுபக்கமாப் படுக்க விடுங்க," என்றார் டாக்டர் போனில். நடத்தினோம், மறுபக்கம் படுத்தாள், பலனில்லை. "சரி, உங்க கை சின்னக் கை. நான் சொல்லச் சொல்ல நீங்களே பாருங்க."

நகம் ஒட்ட வெட்டியிருந்தேன், வளையலைக் கழற்றினேன். முழங்கைக்கு மேல் வரை சோப்புப் போட்டுக் கழுவி, நீளக் கையுறை மாட்டி, வழுக்குவதற்கு லிக்விட் பாரபின் எண்ணெயைத் தாராளமாகத் தடவினேன். அவள் பின்புறத்தையும் கழுவித் துடைத்தாயிற்று. விரல்களைக் கூம்பாகக் குவித்து, அவள் முக்காத நேரத்தில் மட்டும் மெல்ல உள்ளே போக வேண்டும், முக்கும்போது கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். அந்த அழுத்தத்தில் என் விரல்கள் மரத்துப்போயின. மணிக்கட்டு தாண்டியதும் உருண்டையாக ஒன்று தட்டுப்பட்டது. தலை என்று நினைத்தேன். தடவியதும் வால்! பின்பக்கம் முன்னே வந்து, இரண்டு பின்னங்காலும் வயிற்றோடு மடங்கி, வழியை அடைத்துக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் உள்ளே தள்ளுங்க, இடம் கிடைக்கும். குதிகாலை விரல்ல கொக்கி மாதிரிப் பிடிச்சு ஒவ்வொண்ணா வெளிய எடுங்க." போனை அத்தை என் காதருகே பிடித்திருந்தார். முதல் கால் வந்தது. இரண்டாவது இரண்டு முறை வழுக்கியது. இரண்டும் கையில் கிடைத்த பிறகு, அவள் முக்கும்போது மட்டும், கீழ்நோக்கி வளைத்து இழுத்தேன். குட்டி வந்தது. அசைவில்லை.

பெரியப்பா அதை வாங்கி, தலையைக் கீழாகப் பிடித்து, சளியை வழித்துப் போட்டுவிட்டு விலாவைத் துணியால் அழுத்தித் தேய்த்தார். மூக்குக்குள் வைக்கோல் நுனியை விட்டார். தும்மியது. அத்தை "முருகா" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு தடையே இல்லை. பத்து குட்டி உயிரோடு, ஒன்று இறந்து. ஒரு மணிக்குள் நஞ்சுக்கொடியும் விழுந்தது.

குட்டி வெளியே வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று படுக்கப் போகக் கூடாது. மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கருவிலேயே கொஞ்சம் போய்ச் சேர்கிறது. பன்றியின் நஞ்சுக்கொடி அதை விடாது. குட்டி வெறுங்கையோடு பிறக்கிறது, சீம்பால்தான் அதற்கு எல்லாமே. அதை உறிஞ்சிக்கொள்ளும் திறனும் மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளுக்குள் குடல் மூடிக்கொள்ளும். முதல் ஆறு மணி நேரம் பொன்னானது. பெரிய ஐந்தையும் வயிறு நிறைந்ததும் பெட்டிக்குள் பல்புக்கடியில் அடைத்துவிட்டு, கால்மடங்கி வந்தவன் உட்படச் சின்னதுகளைப் பால் அதிகமுள்ள முன்காம்புகளில் ஒரு மணி நேரம் பிடித்து வைத்தோம். அப்புறம் மாற்றினோம். விடியும்வரை இதே வேலை.

காலையில் டாக்டர் வந்தார். உள்ளே கை போனதால் வெள்ளச்சிக்கு ஆன்டிபயாட்டிக் போட்டார், ஜுரம் பார்த்தார். 40 டிகிரியைத் தாண்டினாலோ, மடி கல்லாகி அவள் கவிழ்ந்து படுத்துப் பால் மறுத்தாலோ உடனே கூப்பிடச் சொன்னார். அப்படி ஒன்றும் வரவில்லை. பிறக்கும்போதே இருக்கும் கூரான ஊசிப் பற்களை எல்லாக் குட்டிக்கும் நறுக்கும் வழக்கத்தை நாங்கள் விட்டுவிட்டோம். மடியில் காயம் தெரிந்தால் மட்டும் நறுக்குவோம். மூன்றாம் நாள் ஒவ்வொன்றுக்கும் கழுத்தில் 200 மில்லிகிராம் இரும்பு ஊசி. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு, சிமெண்டுத் தரையில் வளரும் குட்டிக்கு மண்ணிலிருந்தும் கிடைக்காது, விட்டால் வெளுத்துச் சோர்ந்துவிடும்.

அடுத்து தை கடைசியில் கருப்பிக்குத் தேதி. அவளுக்கு இது தலைப்பிரசவம் என்பதால், அந்த வாரம் வெளியூர் போகாமல் இருக்க டாக்டரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.