காசல்ரீ நீர்த்தேக்கக் கரை: படகு இறங்குதளக் குறிப்புகள்

பெப்ரவரி 26
தளத்தின் சரிவு 7 அடிக்கு 1 அடி. இதைவிடப் படுக்கையாக வைத்தால் படகு மிதக்கும் ஆழம் வருமுன் டிரெயிலரை இழுக்கும் ஜீப்பின் புகைக்குழாய் தண்ணீருக்குள் போய்விடும். செங்குத்தாக்கினால் பாசி பிடித்த நாளில் சில்லு வழுக்கும். நீளம் 40 அடி, அகலம் 12 அடி, கனம் 6 அங்குலம்: 240 கன அடி. 1:1½:3 கலவைக்கு (சீமெந்து, மணல், சல்லி) சீமெந்து 55 மூட்டை, மணல் ஒரு கியூப் (100 கன அடி), முக்கால் அங்குலச் சல்லி இரண்டு கியூப். மேசன் பாஸ் 1:2:4 போதும் என்கிறார். வீட்டுத் தரைக்குப் போதும். வருஷம் முழுக்க நனைந்தும் காய்ந்தும் கிடக்கும் தளத்துக்குப் போதவே போதாது.

மார்ச் 2
தளத்துக்கு வெட்டும் இடத்தில் கறுப்புச் சேறு, தேயிலை மலையிலிருந்து கழுவி வந்தது. இதன்மேல் கல் போட்டால் கல்லும் புதையும். இறுகிய செம்மண் தட்டுப்படும்வரை வெட்டியே ஆகவேண்டும்.

மார்ச் 3
நீர்மட்டம் அசையவில்லை. விமலசுரேந்திரா மின்நிலையத்தில் மெஷின் ஓடினால்தான் இங்கே இறங்கும்.

மார்ச் 7
கருங்கல் 9 அங்குலம் பரப்பி இடித்தாயிற்று. இடுக்கில் சல்லி மட்டும்தான், மண் கூடாது. நீர்மட்டம் சட்டென்று இறங்கினால் அடியில் தேங்கிய தண்ணீர் வெளியேற வழி வேண்டும். இல்லாவிட்டால் தளத்தைத் தூக்கி வெடிக்க வைக்கும்.

மார்ச் 8
அடிநுனிதான் கவலை. இஞ்சின் வேகத்திலேயே படகை டிரெயிலரில் ஏற்றுவார்கள். புரொப்பெல்லர் பின்னால் அடிக்கும் தண்ணீர் நுனிக்கு அப்பால் குழி பறிக்கும். குழி அடியில் புகுந்தால் நுனி முறியும். டிரெயிலர் சில்லு விளிம்பைத் தாண்டி விழுந்தால் அச்சு மாட்டிக்கொள்ளும். ஆகவே நுனியில் ஒரு அடி அகலம், 2 அடி ஆழத்துக்குக் கொங்கிரீட் சுவர், சீமெந்து இன்னும் 6 மூட்டை. அதற்கு வெளியே தலையளவு கருங்கல் அடுக்கவேண்டும். அந்தக் குழி வெட்ட இன்னும் ஒரு அடியாவது தண்ணீர் இறங்கவேண்டும். மே மாதம் தென்மேல் மழை தொடங்கினால் ஏரிக்கு வரும் கெசல்கமு ஓயா எல்லாவற்றையும் மூடிவிடும்.

மார்ச் 11
இறங்குகிறது! ஒரு அடி இறங்கினால் சரிவில் 7 அடி நிலம் கிடைக்கிறது.

மார்ச் 14
12 மில்லிமீட்டர் கம்பி, குறுக்கும் நெடுக்கும் 8 அங்குல இடைவெளி. அடியில் 2 அங்குலச் சீமெந்துக் கட்டைகள். கம்பியைக் கல்லின்மேல் கிடத்திவிட்டு, கொங்கிரீட் போடும்போது தூக்கிவிடலாம் என்பது நடக்காத காரியம்.

மார்ச் 17
சுவரும் கீழ் 20 அடியும் முடிந்தன. பின்னேர இடிமழைக்குப் பயந்து விடியலிலேயே மிக்சர் ஓடியது. மூட்டைக்கு 22 லீட்டருக்கு மேல் தண்ணீர் விடவில்லை. தளர்ந்த கலவை சரிவில் நிற்காது. நுனியிலிருந்து மேல்நோக்கித்தான் போடவேண்டும். பெருவிரல் பதிந்து கலவை ஒட்டாத பதத்தில், கோண இரும்பைக் கவிழ்த்து ஒரு அங்குல ஆழத்துக்குச் சாய்வரிகள் அழுத்தினோம், நடுவிலிருந்து இரு ஓரமும் கீழ்நோக்கி. வண்டல் அந்த வழியே வடியும், சில்லுக்கும் பிடி கிடைக்கும்.

மிக்சர் கழுவிய தண்ணீர் குழிக்குள்தான். ஏரியில் விட்டால் அந்தக் காரம் மீனைக் கொல்லும்.

மார்ச் 18
கொங்கிரீட்டின்மேல் போட்ட ஈரச் சாக்கு காயக்கூடாது. ஏழு நாள்.

மார்ச் 20
தண்ணீர் சுவருக்கு 2 அடி கீழே. மேல் பாதிக்குப் பலகை அடிக்கிறார்கள். சாக்கு ஈரம்தான். மணல் லொறி நோர்வூட்டில் நிற்கிறதாம்.