குளிருக்குப் பயந்து செய்கிற தப்புகள்: காப்பகத்துக்குப் புதிதாக வரும் ஆயாக்களுக்கு

ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் காப்பகங்களில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "பிள்ளைக்குக் குளிருமே" என்று பாசமாகச் செய்கிற காரியங்கள்தான் இங்கே பல நேரம் வினையாகின்றன.

முதலில் கரிச்சட்டி. உறைபனி விழும் ஜனவரிக் காலையில் கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டு, இரும்புச் சட்டியில் கரி மூட்டி உள்ளே வைக்கிறார்கள். புகை அடங்கிக் கங்கு சிவந்துவிட்டால் பயமில்லை என்று ஒரு நினைப்பு. கார்பன் மோனாக்சைடு அப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. பெரியவர்களுக்குத் தலைவலி, குமட்டல் என்று தெரியவரும். பேச்சு வராத பிள்ளை துவண்டு படுத்துவிடும்; நன்றாகத் தூங்குகிறது என்று நாமும் போர்த்திவிட்டுப் போய்விடுவோம். சந்தேகம் வந்தால் எல்லாப் பிள்ளைகளையும் வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்த பிறகுதான் 108-க்குப் போன். கரிச்சட்டி வாசலுக்குள்ளேயே வரக்கூடாது, இதில் சலுகை கிடையாது.

ஒரு வயதுக்குள் உள்ள குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். மெத்தை அமுங்காமல் இருக்க வேண்டும். தலையணை வேண்டாம், கனத்த கம்பளி வேண்டாம், தூங்கும்போது குல்லாவும் வேண்டாம். நாம் போட்டிருப்பதைவிட ஒரு துணி கூடுதலாகப் போட்டால் போதும். கை கால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள்.

அடுத்தது சுண்டல். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குப் போகாமல் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் கொண்டைக்கடலை வேக வெகுநேரம் ஆகும்; அவசரப்பட்டு இறக்கினால் நடுவில் கடுக்கென்றே நிற்கும், அதுதான் தொண்டையில் அடைக்கும். இரவே ஊறப்போட்டு, குக்கரில் வேகவைத்து, இரண்டு விரலால் நசுக்கிப் பாருங்கள். மாவாகாவிட்டால் மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மசித்தே கொடுங்கள். வேர்க்கடலை கூடவே கூடாது. கேரட்டை வட்டமாக நறுக்காமல் நீளவாக்கில் நறுக்கி அவியுங்கள். பிளம்ஸ் என்றால் கொட்டையை எடுத்துவிட்டுத்தான்.

அப்படியும் அடைத்துவிட்டால்? பிள்ளை பலமாக இருமினால் இருமவிடுங்கள். சத்தமே வரவில்லை என்றால்தான் நம் வேலை. ஒரு வயதுக்குள் என்றால் முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. வெளியே வராவிட்டால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்சு நடுவில், முலைக்காம்புகளின் கோட்டுக்குச் சற்றுக் கீழே, இரண்டு விரலால் 5 அழுத்து. ஒரு வயது தாண்டியிருந்தால் முதுகில் 5 தட்டிவிட்டு, பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்கு மேலே முஷ்டி வைத்து உள்ளும் மேலுமாக 5 இழுப்பு. வெளியே வரும்வரை மாறி மாறிச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போய்விடும். இதைப் படித்தால் மட்டும் கை பழகாது. ஒரு பொம்மையை வைத்து வாரம் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

சளி என்றதும் நீலகிரித் தைலத்தை மூக்கில் தடவுகிற பழக்கம் வேறு. ஊரெல்லாம் விற்பதால் சாதுவான பொருள் என்று நினைப்பு! ஒரு டீஸ்பூன் உள்ளே போனாலே சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம். பாட்டிலைப் பூட்டி வையுங்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.