மே 29க்கு முன்னாடி ஒரு வாரம்

மே 22

பொண்ணு என்.சி.சில சேர்ந்து இப்பதான் ஒரு வருஷம் ஆகுது. மேஜர் சரவணன் நினைவு நாளுக்கு 3 நிமிஷம் பேசணுமாம், அப்பா எழுதிக் குடுனு வந்து நிக்குறா. திருச்சிக்காரன் நமக்குத் தெரியாததானு பேனாவ எடுத்தா நாலு வரிக்கு மேல ஓடல, அசிங்கமா போச்சு. கண்டோன்மென்ட்ல அந்த நினைவுத்தூண தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போறேன், ஒரு நாளாவது வண்டிய ஓரம் கட்டி என்ன எழுதிருக்குனு பாத்திருக்கேனா, இல்ல. ராமேஸ்வரத்துல பொறந்தவரு, குடும்பம் திருச்சில, கார்கில் சண்டையில உயிர விட்டவரு, அவ்ளோதான் என் ஸ்டாக்கு.

ஃபேமிலி குரூப்ல கேட்டதுக்கு மச்சான் ஒரு ஃபார்வர்ட தட்டி விட்டான். பரம்வீர் சக்ரா வாங்குனவருனு போட்டு, கீழ ஒரு பஞ்ச் டயலாக் வேற. தப்பு. அவருக்கு குடுத்தது வீர் சக்ரா. போர்ல காட்டுற வீரத்துக்கு குடுக்குற விருதுல பரம்வீர் சக்ராதான் உச்சம், வீர் சக்ரா அதுக்குக் கீழ. கார்கில் சண்டைக்கு பரம்வீர் சக்ரா வாங்குனது மொத்தமே 4 பேருதான். வீர் சக்ரானா என்ன கொறஞ்சு போச்சுனு இவனுங்களா பிரமோஷன் போடுறானுங்கனு தெரியல.

மே 24

பக்கத்துத் தெரு சுபேதார் சார் வீட்டுக்கு ரெண்டு பேரும் போனோம். மெட்ராஸ் சாப்பர்ஸ்ல, அதாவது ராணுவத்தோட இன்ஜினியர் படையில இருந்து ரிட்டயர்ட் ஆனவரு. மீசை மட்டும் இன்னும் சர்வீஸ்லயே இருக்கு.

அவரு ஒரு பேப்பர எடுத்து கோடு போட்டு காட்டுனாரு. சண்டை நடந்த எடம் கார்கில் பக்கத்துல படாலிக் செக்டார், கீழ சிந்து நதி, மேல ஜூபர்னு ஒரு மலை, 14,000 அடிக்கு மேல. அதுல எதிரிங்க சங்கர் கட்டி உக்காந்திருந்தாங்கனு சொன்னதும் இவ "சங்கர் யாரு தாத்தா"னு கேட்டுட்டா. எனக்கு சிரிப்ப அடக்க முடியல, அவரு சிரிக்கல. கல்ல அடுக்கி மார் உயரத்துக்கு சுவர் மாதிரி வச்சு அதுக்குப் பின்னாடி துப்பாக்கிய வச்சுக்குறது, அதுக்குப் பேரு சங்கராம். அந்த ஓட்டைக்குள்ள இருந்து பாத்தா ஏறி வர்றவன் ஒவ்வொருத்தனும் தெரியுவான், ஏறுறவனுக்கு பாறையும் பனியும்தான் தெரியும்னாரு. சமவெளினா எதிரி ஒருத்தனுக்கு நம்மாளு 3 பேரு போதும்னு ஒரு கணக்கு, மலையில அது 6, சில இடத்துல அதுக்கும் மேல. "அதுவும் மேல எத்தன பேர் இருக்கான்னு தெரிஞ்சாத்தானம்மா கணக்கே போட முடியும்"னாரு. மே மாசத்துல மேல இருக்குறது தீவிரவாதிங்கதான்னு நெனச்சுட்டு இருந்திருக்காங்க, பாகிஸ்தானோட நார்தர்ன் லைட் இன்ஃபன்ட்ரி பட்டாளமே வந்து உக்காந்திருக்குனு முழுசா தெரிய வந்தது அப்புறம்தான்.

மே 25

காலைல மலைக்கோட்டை ஏறுனேன். வேணும்னேதான். உயரம் 273 அடி. தாயுமானவர் சன்னதி தாண்டும்போதே முட்டி பேச ஆரம்பிச்சிருச்சு, உச்சிப்பிள்ளையார் கிட்ட போய் பத்து நிமிஷம் வாயத் தொறக்க முடியல. படி இருக்கு, கைப்பிடி இருக்கு, யாரும் சுடல. அங்க மூச்ச இழுத்தா கெடைக்குற ஆக்சிஜனே நம்ம ஊர்ல கெடைக்குறதுல ஏறக்குறைய 60 சதவீதம்தான், அதோட தோள்ல ஆயுதமும் தோட்டாவும். இத எப்படி 3 நிமிஷத்துல சொல்றதுனு இவகிட்ட கேட்டேன், "நீ மூச்சு வாங்குனத அப்படியே சொல்லிடுறேன்"ங்குறா.

மே 27

ரெண்டு நாளா படிச்சதுல சண்டை நடந்தது ஓரளவு புரிஞ்சுது. சரவணன் 1வது பீகார் ரெஜிமென்ட். மே 28 ராத்திரி கிளம்பி, 1999 மே 29 விடியக்காலம் 4 மணி வாக்குல தாக்குதல். மேல இருந்து குண்டு மழை. ராக்கெட் லாஞ்சர எடுத்து நேரா பங்கருக்குள்ள அடிக்கிறாரு, உள்ள ரெண்டு பேரு காலி. சில்லு தெறிச்சு இவருக்கும் காயம், பின்வாங்கல, திரும்ப முன்னாடிதான் போறாரு. கடைசில தலையில குண்டு. வயசு 26. எங்க ஆபிஸ்ல 26 வயசுப் பையன்கிட்ட ஒரு ஃபைல ஒழுங்கா ஒப்படைக்க நாம யோசிக்கிறோம்.

ஆனா என்னைய தூங்க விடாதது அது இல்ல. அன்னைக்கு மலை கையில வரல. அவர் உடம்பு அங்கயே கெடந்துச்சு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, ஒரு மாசத்துக்கும் மேல, பனியில, எதிரியோட துப்பாக்கிக்கு நேர் கீழ. எடுக்கப் போன ஆளுங்க மேலயும் சூடு. ஜூலை மொத வாரம்தான் மீட்டாங்க. இங்க திருச்சில வீட்டு ஆளுங்க அந்த நாளெல்லாம் எப்படி சாப்பிட்டாங்க, எப்படி படுத்தாங்க. செய்தி வந்துருச்சு, ஆள் வரல.

சாயங்காலம் சுபேதார் சார்கிட்ட இதச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், ஏறுறத விட ஒருத்தர தூக்கிட்டு எறங்குறதுதான்யா கொடுமை, ஒரு ஸ்ட்ரெச்சருக்கு நாலு பேர், நாலு பேருக்கும் கை கட்டிப் போட்ட மாதிரினாரு. அதுக்கு மேல நான் கேக்கல.

ஃபார்வர்ட் எழுதுறவன் ஒருத்தன் கூட இந்த ஒரு மாசத்த எழுத மாட்டேங்குறான். டயலாக் இல்லல்ல அதுல.

மே 28

இன்னொரு பேரு கண்ணுல பட்டுச்சு. நாயக் கணேஷ் பிரசாத் யாதவ் (நாயக்ங்குறது ராணுவப் பதவி), பாட்னா பக்கத்துக்காரரு, அதே பட்டாலியன், அதே நாள், அதே சண்டை, அவருக்கும் வீர் சக்ரா. நம்ம பக்கம் யாரும் சொல்லி நான் கேட்டதில்ல, அவங்க ஊர்ல சரவணன் பேரு எத்தன பேருக்குத் தெரியுமோ.

அப்புறம் ஒரு சங்கதி. சண்டை 1999 ஜூலை 26ல முடிஞ்சுது, மூணே நாள்ல, 29ஆம் தேதி, இவ்ளோ பேர் உள்ள வந்து உக்காந்தது எப்படி நமக்குத் தெரியாம போச்சுனு பாக்க ஒரு கமிட்டி போட்டாங்க. அதுக்குத் தலைவர் கே.சுப்ரமணியம், அவரு திருச்சில பொறந்தவரு. ஒரே ஊர்க்காரங்க, ஒருத்தர் தெரியாத மலை மேல ஏறி செத்தாரு, இன்னொருத்தர் ஏன் தெரியலனு விசாரிச்சு ரிப்போர்ட் எழுதுனாரு. இதையும் பேச்சுல சேருனு சொன்னேன். "அப்பா, 3 நிமிஷம்"னு முடிச்சுட்டா.

அவளே எல்லாத்தையும் அடிச்சுத் திருத்தி எழுதிட்டா. நான் எழுதுனதுல பாதி காணோம்.

மே 29

4 மணிக்கு அலாரம். நான் வைக்கல, அவதான் யூனிஃபார்ம் அயர்ன் பண்ணணும்னு வச்சிருக்கா. வெளிய இன்னும் இருட்டு. ரெண்டு பேருமே நேரத்தப் பாத்தோம், ஒண்ணும் பேசிக்கல. ஷூ பாலிஷ என் துண்டுல தொடச்சிருக்கா, அது தனி பஞ்சாயத்து.

தூண் கிட்ட கூட்டம் கம்மிதான். மாலை போட்டாங்க, சல்யூட் அடிச்சாங்க. இவ முறை வந்தப்ப குரல் மொதல்ல நடுங்குச்சு, ஒரு மாசம் பனியில கெடந்தத சொல்ற எடத்துல நின்னுட்டா, மறந்துட்டாளோனு எனக்கு பக்குனு ஆச்சு. மறக்கல. அப்புறம் கணேஷ் பிரசாத் யாதவ்னு பேரச் சொன்னா. எனக்குப் பக்கத்துல நின்ன பெரியவரு முடிஞ்சதும் அவகிட்ட போய், "யாதவ்னு சொன்னியே, அது யாரும்மா?"னாரு.

"கூட போனவரு தாத்தா."

அவரு சட்டைப் பையில இருந்து பேனாவ எடுத்தாரு, பேப்பர் இல்ல, உள்ளங்கையில எழுதிக்கிட்டாரு. எழுத்து சரியானு இவகிட்ட காட்டிக் கேட்டாரு.

வர்ற வழியில மணி ஒம்பதரை, வெயில் பொளக்குது. இவ வண்டில பின்னாடி உக்காந்து என் முதுகுல சாஞ்சு தூங்கிட்டா, அதனால மெதுவா ஓட்டுனேன்.