அவார்டே கொடுக்கலாம்

செட்டிநாட்டில் படப்பிடிப்புக்கு வீடு பிடித்துக் கொடுப்பது என் வேலை. பார்க்கிறவர்களுக்கு ஏதோ சாவி வாங்கிக் கொடுக்கிற வேலை போலத் தெரியும். ஒரு வீட்டுக்குப் பத்துப் புள்ளி, பதினைந்து புள்ளி பங்கு இருக்கும். புள்ளி என்றால் கல்யாணமான ஒரு குடும்பம். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில், ஒருவர் தேவகோட்டையில். எல்லோரும் சரி என்றால்தான் கதவு திறக்கும். ஒரு பங்காளி மட்டும் "ஆணி அடிப்பாங்களாப்பா?" என்று கேட்டுவிட்டால் மறுபடி முதலில் இருந்து பேச வேண்டும். அப்புறம் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ட்ராலி ஓடுவதற்கு முன் கம்பளம் விரிக்க வைப்பது, பர்மாத் தேக்குத் தூணில் யாரும் டேப் ஒட்டாமல் பார்ப்பது, கூட்டத்துக்கு ஊர்க்காரர்களைச் சேர்ப்பது, அவர்களை இரவு இரண்டு மணி வரை வீட்டுக்குப் போகாமல் நிறுத்தி வைப்பது. இந்தக் கடைசி வேலையைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எழுதத் தூண்டியது ஒரு மழை நாள்.

கார்த்திகை மாதம். கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் யூனிட் இறங்கியிருந்தது. இரண்டு நாள் விடாமல் மழை. வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், எடுக்க வேண்டிய கல்யாணக் காட்சி நின்றுபோனது. திறந்த வளவில் கூரைத் தண்ணீர் நான்கு பக்கமும் கொட்ட, சுற்றுத் தாழ்வாரத்தில் நாற்பது பேர் சும்மா உட்கார்ந்திருந்தோம். லைட்மேன்கள், மேக்கப் அக்கா, உதவி இயக்குநர்கள், சமையல்காரர்கள், எங்கள் ஊர் ஆட்கள். வீட்டுக்கார ஆச்சியும் இருந்தார். பிள்ளையார் நோன்புக்காகச் சென்னையில் இருந்து முன்னதாகவே வந்திருந்தவர்.

உதவி இயக்குநர் தம்பி ஒருவரிடம் ஒரு ஆங்கிலப் படம் இருந்தது. 'ஃபார் யுவர் கன்சிடரேஷன்'. கிறிஸ்டோபர் கெஸ்ட் இயக்கி 2006இல் வந்தது. ஆஸ்கார் ஆசை பிடித்து ஆட்டுகிற சினிமாக்காரர்களைப் பற்றிய நையாண்டி. "தங்கள் பரிசீலனைக்கு" என்று பொருள்படும் அந்தத் தலைப்பு, விருது சமயத்தில் ஓட்டுப் போடும் உறுப்பினர்களைக் குறிவைத்து அமெரிக்க ஸ்டுடியோக்கள் கொடுக்கும் விளம்பரங்களில் வருகிற வாசகம். "ஒன்றரை மணி நேரம்கூட இல்லைண்ணே, போடலாமா?" என்றார். சாப்பாட்டு ஹாலில் புரொஜெக்டரை வைத்தோம். சுண்ணாம்புச் சுவர் கண்ணாடி மாதிரி மினுங்கியதால் படம் விழவில்லை. எட்டு முழ வேட்டி ஒன்றைக் கட்டினோம்.

படம் தமிழில் இல்லை. முக்கால்வாசிப் பேருக்கு ஆங்கிலம் ஓடாது. நான் திரை ஓரத்தில் நின்று கதை சொல்வது என்று முடிவானது. அது எவ்வளவு கஷ்டம் என்று ஐந்தே நிமிடத்தில் தெரிந்தது. கெஸ்டின் படங்களில் கதைக்கு ஒரு வரைவுதான் இருக்கும், வசனத்தை நடிகர்கள் அங்கேயே பேசிக்கொள்வார்கள். ஒருவர் முடிக்கும் முன் இன்னொருவர் பேசுகிறார். ஒரு வரியைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று வரி ஓடிவிடுகிறது. அதனால் வசனத்தை விட்டுவிட்டு, ஆட்களுக்கு என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்லிக்கொண்டு போனேன்.

கதை இதுதான். ஒரு சின்னப் படத்தின் படப்பிடிப்பு. 1940களில், அமெரிக்காவின் தென்பகுதியில் வாழும் ஒரு யூதக் குடும்பம். சாகக் கிடக்கும் தாய். பூரிம் பண்டிகைக்கு மகள் வீட்டுக்கு வருகிறாள். தாயாக நடிப்பவர் மெரிலின் ஹாக் என்கிற, பெரிதாகப் பெயர் வாங்காத வயதான நடிகை. அந்தப் பாத்திரத்தைச் செய்திருப்பவர் கேத்தரின் ஓ'ஹாரா. மெரிலினுக்கு ஆஸ்கார் கிடைக்கும் என்று இணையத்தில் யாரோ எழுதியதாக செட்டில் ஒரு பேச்சு கிளம்புகிறது. அப்புறம் அப்பாவாக நடிப்பவருக்கும் கிடைக்கலாம் என்கிறார்கள், மகளாக நடிப்பவளுக்கும் என்கிறார்கள். அவ்வளவுதான், மூன்று பேரும் பழைய ஆட்களாக இல்லை.

பூரிம் என்றால் என்ன என்று சமையல்காரர் கேட்டார். எனக்குச் சட்டென்று தோன்றியதைச் சொன்னேன். "நம்ம ஆச்சி வீட்டுப் பிள்ளையார் நோன்பு மாதிரிண்ணே. அவங்க ஆளுகளுக்கு மட்டும் உள்ள பண்டிகை." நகரத்தார் வீடுகளில் கார்த்திகைத் தீபம் தொடங்கி இருபத்தோராம் நாள் வருகிற நோன்பு அது. புது வேட்டியில் இருந்து எடுத்த 21 இழையைத் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். எந்த நாட்டில் இருந்தாலும் செட்டியார் குடும்பங்கள் கூடி இழை எடுத்துக்கொள்ளும். ஆச்சி தலையை ஆட்டிக்கொண்டார். அதுவரை வெற்றிலை மடிப்பதில் இருந்த கவனம் அதன் பிறகு திரைக்கு வந்தது.

பிறகு ஒரு காட்சி. விருதுப் பேச்சு வந்ததும் ஸ்டுடியோ முதலாளிகள் வருகிறார்கள். இவ்வளவு யூதத்தனம் வேண்டாம், கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமே என்கிறார்கள். பூரிம், அமெரிக்காவில் எல்லோரும் கொண்டாடுகிற தேங்க்ஸ்கிவிங் ஆகிவிடுகிறது. படத்தின் பெயரே மாறிவிடுகிறது. "பிள்ளையார் நோன்பு வேண்டாம், தீபாவளின்னு மாத்திருங்க, அதான் எல்லாருக்கும் புரியும்னு சொல்றாங்க" என்று சொன்னேன். உதவி இயக்குநர்கள் வெடித்துச் சிரித்தார்கள். கதையில் எதை எதையோ மாற்றச் சொல்லி அவர்கள் கேட்ட குரல்கள் காதில் வந்திருக்கும். ஆச்சி சிரிக்கவில்லை. "இழை எடுக்கிறதைத் தூக்கிட்டுப் பட்டாசு வைக்கச் சொல்றானா? அப்ப அந்த வீட்டுல என்ன இருக்கு?" என்று கேட்டார். கோபமாகவே கேட்டார். அந்தக் காட்சியைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது என்று இப்போதும் நினைக்கிறேன்.

படம் முழுவதும் இப்படித்தான் போனது. ஒரு பக்கம் சிரிக்கும்போது இன்னொரு பக்கம் பேசாமல் இருந்தது. விளம்பரம் பார்க்கிற ஆள் இணையம் என்றால் என்னவென்றே புரியாமல் பேசும் இடத்தில் யூனிட் பையன்கள் தரையைத் தட்டிச் சிரித்தார்கள். ஊர்க்காரர்களுக்கு அது ஒட்டவில்லை. அமெரிக்க டிவி நிகழ்ச்சிகளைக் கிண்டல் செய்கிற இடங்களில் இரண்டு பக்கமும் கொட்டாவி விட்டது. அந்த டிவியைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கிண்டல். என்னாலும் அதைத் தமிழுக்குக் கொண்டுவர முடியவில்லை. விருதுப் பேச்சைக் காதில் வாங்கிய மெரிலின், அதெல்லாம் ஒன்றுமில்லை என்பது போல முகத்தை வைத்துக்கொள்ளப் பாடுபடும் இடத்தில் மேக்கப் அக்கா மட்டும் தனியாகச் சிரித்தார். "இந்த முகத்தைக் கண்ணாடியில தினம் பார்க்கிறேன்" என்றார். அவர் சிரிப்பில் கேலி இல்லை.

எல்லோரும் ஒன்றாக அடங்கிப்போன இடம் ஒன்றுதான். ஆஸ்காருக்குப் போட்டியிடுகிறவர்களின் பட்டியல் அறிவிப்பு நெருங்கும் நேரத்தில் மெரிலின் முகத்தைச் சீர்செய்துகொண்டு டிவியில் வருகிறார். இழுத்துக் கட்டிய முகம், ஏறிப்போன உதடு, வயதுக்குப் பொருந்தாத உடை. படத்தை எடுத்தவர்கள் சிரிப்பதற்காக வைத்த இடம். ஆங்கிலம் தெரிந்த இரண்டு பேர் சிரிக்கத் தொடங்கி, பக்கத்தில் சத்தம் இல்லாததால் நிறுத்திக்கொண்டார்கள். "முகத்தை என்ன பண்ணிக்கிட்டா இவ?" என்று பெண்கள் பக்கம் இருந்து ஒரு குரல். அது ரப்பர் ஒட்டிய வேலை இல்லை, ஓ'ஹாரா தன் தசையைப் பிடித்து வைத்துக்கொண்டே நடித்தது என்று உதவி இயக்குநர் சொன்னார். மேக்கப் அக்கா எழுந்து வேட்டித் திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

பட்டியல் வருகிறது. மூன்று பேரில் ஒருவர் பெயரும் இல்லை. கடைசியில் மெரிலின் ஒரு வகுப்பில் நடிப்புச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். படம் முடிந்தது. வேட்டி வெள்ளையாகத் தொங்கியது.

அப்புறம் அரை மணி நேரம் பேச்சு. கேத்தரின் ஓ'ஹாராவுக்கு இந்த வேடத்துக்காகவே அமெரிக்காவின் நேஷனல் போர்டு ஆஃப் ரிவ்யூ அமைப்பு 2006இன் சிறந்த துணை நடிகை விருதைக் கொடுத்தது, ஆனால் அடுத்த ஜனவரியில் வந்த ஆஸ்கார் பட்டியலில் அவர் பெயர் இல்லை என்று உதவி இயக்குநர் சொன்னதும் மேக்கப் அக்கா, "அப்ப படத்துல நடந்ததே அவங்களுக்கும் நடந்துச்சா?" என்றார். லைட்மேன் ஒருவர் சிவாஜியை எடுத்தார். 1960இல் கெய்ரோ விழாவில் சிறந்த நடிகர் என்று கொடுத்தார்கள், ஆனால் நம் நாட்டின் சிறந்த நடிகர் தேசிய விருது கடைசி வரை அவருக்கு வரவில்லையே என்று ஆதங்கப்பட்டார். டிரைவர் அண்ணன் சிறுகூடல்பட்டிக்காரர். பாடலாசிரியருக்கென்று தேசிய விருது தொடங்கியபோது முதலில் வாங்கியவர் எங்கள் ஊர்க் கண்ணதாசன் என்று அவர் சொல்லாமல் விட்டிருந்தால்தான் ஆச்சரியம். காரைக்குடியில் ஏவி.எம். ஸ்டுடியோ இருந்ததும், 'நாம் இருவர்' 1947இல் இங்கிருந்து வந்ததும், மறு வருடம் ஸ்டுடியோ கோடம்பாக்கம் போனதும் வழக்கம்போல வந்துபோயின. எங்கள் பக்கத்தில் சினிமாப் பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கே போய்த்தான் நிற்கும்.

இந்தப் பேச்சில் சேராமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தார் ஒரு பெரியவர். எழுபதைத் தாண்டியவர். இளவயதில் ஊர் ஊராக நாடகம் போட்டவர். பல வருடமாக என்னுடைய கூட்டக் காட்சிகளுக்கு வருபவர். படம் ஓடிய நேரம் முழுவதும் அவர் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. எல்லோரும் எழுந்த பிறகு என்னிடம் ஒன்று கேட்டார்.

"தம்பி, அந்தம்மாகிட்ட முதல்ல போய்ச் சொன்னானே, ஒனக்கு விருது வரும்னு. அவன் அப்புறம் வந்து பார்த்தானா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் யாரைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். அவர் என்னைக் கேட்கவில்லை என்றாலும் எனக்குத் தெரியும்.

இரவு இரண்டு மணி வரை ஆட்களை நிறுத்தி வைக்க என்னிடம் இருந்த பெரிய ஆயுதம் ஒரு வாக்கியம். "ஐயா, இந்த நடிப்புக்கு அவார்டே கொடுக்கலாம்." பேட்டா கூட்டிக் கொடுக்க என்னால் முடியாது, அது மேனேஜர் கையில். நல்ல சாப்பாடு சில நாள் வரும், சில நாள் வராது. இந்த வாக்கியத்துக்குச் செலவில்லை. ஆச்சியாக நடித்த அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு வசனம் பேசிய பையனிடம் சொல்லியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் இந்தப் பெரியவரிடமும் சொன்னேன். அன்று அவருக்கு நான்கு வரி வசனம். மகன் பங்கு கேட்டு வந்து நிற்க, நடுக்கட்டில் இருந்து எழுந்து வருகிற தகப்பன். பிரமாதமாகச் செய்தார். டைரக்டரே கை கொடுத்தார். நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

படம் வெளியானபோது அவர் மகளையும் பேரப்பிள்ளைகளையும் காரைக்குடிக்குக் கூட்டிப்போய்ப் பார்த்திருக்கிறார். அந்தக் காட்சி படத்தில் இல்லை. நீளம் கருதி எடிட்டிங்கில் போய்விட்டது. இது சினிமாவில் தினமும் நடப்பதுதான், யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டீக்கடையில் வேறு ஒருவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அவர் என்னிடம் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அடுத்த படத்துக்குக் கூப்பிட்டபோது, வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு காலை ஐந்து மணிக்கே வந்து நின்றார்.

அந்த ஆங்கிலப் படத்தில் மெரிலினைக் கெடுத்தது விருது என்று பேச்சில் பலர் சொன்னார்கள். விருது அவர் பக்கத்திலேயே வரவில்லை. வந்தது ஒருவர் வாயில் இருந்து விழுந்த ஒரு வரி. சொன்னவருக்கு அது ஒரு காலை நேரத்துப் பேச்சு. அவ்வளவு வருடம் யாரும் கவனிக்காமல் வேலை செய்த ஒருத்திக்கு அது வேறு. சாப்பாட்டு ஹாலில் சிரிக்காமல் இருந்தவர்கள் எல்லோரும், என்றைக்கோ அப்படி ஒரு வரியைக் காதில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் என்றே எனக்குத் தோன்றியது. அந்த வரியைச் சொல்கிற வேலை என்னுடையதாக இருந்தது.

மறுநாள் மதியம் மழை விட்டது. வளவைத் துடைத்துக் கோலம் போட்டு, கல்யாணக் காட்சியை எடுத்தோம். பெரியவருக்கு வசனம் இல்லை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு முகப்பில் இருந்து உள்ளே வர வேண்டும், அவ்வளவுதான். மூன்று டேக் போனது. பேக்கப் சொன்ன பிறகு அவர் திண்ணையில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வழக்கமான வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது.

"ஐயா, உள்ளே நுழையும்போது நிலைப்படிகிட்ட ஒரு நொடி நின்னீங்களே, கூட்டத்தைப் பார்த்துட்டு. அது ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன்.

அவர் யோசித்தார். "டைரக்டர் சொல்லலை. கல்யாண வீட்டுக்குள்ள அப்படித்தானே நுழைவோம். யாரு யாரு வந்திருக்கான்னு பார்ப்போம்ல." பிறகு கேட்டார். "அது படத்துல இருக்குமா தம்பி?"

"தெரியலைங்கய்யா. இருக்கலாம், வெட்டினாலும் வெட்டுவாங்க. எடிட்டிங் முடிஞ்சதும் கேட்டுச் சொல்றேன்."

"சரி" என்றார். சைக்கிளை எடுத்தார். ஈரமான செம்மண் தெருவில் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே போய், பிறகு ஏறினார்.