ஒயிட்னர் பூசிய தேர்தல்

தேர்தல் வழக்கு என்றாலே எனக்கு ஒரு சலிப்பு உண்டு. தோற்றவர் கோர்ட்டுக்குப் போவார், ஆதாரம் போதாது என்று தள்ளுபடி ஆகும், அதற்குள் ஜெயித்தவர் நாற்காலியில் நன்றாகவே சாய்ந்திருப்பார். அந்தச் சலிப்பை அசைத்துப் பார்த்தது ஆப்பிரிக்க நாடான மலாவியின் வழக்கு.

2019 மே 21 அன்று அங்கே அதிபர் தேர்தல். பதவியில் இருந்த பீட்டர் முத்தாரிக்காவுக்கு 38.57 சதவீதம், லாசரஸ் சக்வேராவுக்கு 35.41. ஏறக்குறைய 1,59,000 ஓட்டு வித்தியாசம். மூன்றாவதாக வந்த சாலோஸ் சிலிமா, அப்போது முத்தாரிக்காவின் துணை அதிபர்! அவரும் சக்வேராவும்தான் வழக்குப் போட்டார்கள்.

மாட்டிக்கொண்டது எது தெரியுமா, ஒயிட்னர். ஓட்டு எண்ணிக்கைப் படிவங்களில் பழைய எண்ணை அழித்துவிட்டு மேலே புது எண் எழுதியிருந்தார்கள். ஒயிட்னர் பிராண்டு ஒன்றின் பெயரால் 'டிப்-எக்ஸ் தேர்தல்' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. தேர்தல் ஆணையத் தலைவர் ஜேன் அன்சா பதவி விலக வேண்டும் என்று ஜனங்கள் மாதக்கணக்கில் தெருவில் நின்றார்கள். அவரே ஒரு நீதிபதி என்பது வேறு விஷயம்.

2020 பிப்ரவரி 3 அன்று வழக்கை விசாரித்த ஐந்து நீதிபதிகளும் குண்டு துளைக்காத உடையில், ராணுவப் பாதுகாப்போடு கோர்ட்டுக்கு வந்தார்கள். தீர்ப்பை வாசித்து முடிக்கவே மணிக்கணக்கில் ஆனது. எனக்குப் பிடித்தது இந்த இடம்தான்: இந்தத் திருத்தங்களால் எத்தனை ஓட்டு மாறியது, எண்ணிக் காட்டு என்றுதான் இப்படிப்பட்ட வழக்குகளில் வழக்கமாகக் கேட்பார்கள், ஆனால் கணக்குச் சீட்டையே அழித்து எழுதிவிட்ட பிறகு எதை வைத்து எண்ணுவது? முறைகேடு எங்கும் பரவியிருக்கிறது, தேர்தலின் நம்பகத்தன்மையே போய்விட்டது என்று ரத்து செய்தார்கள். 150 நாளுக்குள் மறுதேர்தல். அதோடு விடவில்லை, அரசியல் சட்டம் சொல்லும் பெரும்பான்மை என்றால் பாதிக்கு மேல், 38 சதவீதம் போதாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

முத்தாரிக்கா மேல்முறையீடு செய்தார், மே மாதம் அதுவும் தோற்றது. ஜூன் 23 மறுதேர்தலில் சிலிமாவைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு சக்வேரா ஏறக்குறைய 59 சதவீதத்தோடு ஜெயித்தார்.

சரி, அத்தோடு கதை முடிந்ததா என்றால், 2025 செப்டம்பரில் அதே முத்தாரிக்கா சக்வேராவைத் தோற்கடித்துத் திரும்பி வந்தார். இந்த முறை பாதியைத் தாண்டி, 56 சதவீதத்துக்கும் மேல்.