தூக்கு திரும்ப வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு கொலை நடந்தால், அடுத்த சில நாட்களில் கோயில் மண்டபத்தில் கூட்டம் கூடும். காவல் நிலையத்திலிருந்து ஒருவர், வார்டு கவுன்சிலர், சமூகக் காவல் மன்றத்தார், முன்வரிசையில் இறந்தவரின் வீட்டார். பேச்சு சூடேறும்போது பின்னாலிருந்து ஒரு குரல் எழும்: "தூக்கைத் திரும்பக் கொண்டுவாங்க!" மண்டபமே கைதட்டும். தென்னாப்பிரிக்காவில் மரண தண்டனை சட்டப்படி ஒழிந்தது 1995 ஜூன் 6 அன்று. இந்த மண்டபங்களில் அது இன்னும் ஒழியவில்லை. டர்பன் பக்கம் ஒழிப்பு வேலையில் இறங்க நினைப்பவர்கள் முதலில் பழக வேண்டிய இடம் இதுதான்.

வீட்டார் பேசி முடிக்கும் வரை மைக்கைத் தொடாதீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த அம்மா "அவனைத் தூக்கில போடணும்" என்றால் அது கோரிக்கை மனு அல்ல, அழுகை. அதற்கு அரசியலமைப்பைக் காட்டிப் பதில் சொல்பவரை அந்த ஊர் மறுபடி கூப்பிடாது, கூப்பிடவும் கூடாது. கூட்டம் கலைந்த பிறகு அருகே போய், "அக்கா, கேஸ் நம்பர் கொடுத்தாங்களா? விசாரணை அதிகாரி யாருன்னு தெரியுமா? ஜாமீன் விசாரணை என்னைக்கு?" என்று கேளுங்கள். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாவது அவர்களுக்குத் தெரியாமல் இருக்கும். அதைக் கண்டுபிடித்துக் கொடுப்பதும் ஒழிப்பு வேலைதான். ஜாமீன் விஷயத்தில் ஒன்று தெரிந்திருக்கட்டும். திட்டமிட்ட கொலை என்று குற்றம் சாட்டப்பட்டவர் வெளியே வர வேண்டுமானால், விதிவிலக்கான சூழ்நிலை இருக்கிறது என்பதை அவர்தான் நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும். விசாரணை அதிகாரி கோப்போடு வராமல் போனால் அந்தக் கடுமையான விதியும் பயனற்றுப் போகும். அதனால் அந்த நாளில் நீதிமன்றத்தில் வீட்டாருடன் நாலு பேராவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

தூக்கு இருந்தால் பயம் இருக்கும் என்ற வாதத்துக்கு வருவோம். தூக்கை ஒழித்த அரசியலமைப்பு நீதிமன்றத்தின் 1995 மக்வான்யானே தீர்ப்பிலேயே இதற்கான எண்கள் இருக்கின்றன. மரண தண்டனைச் சட்டம் திருத்தப்பட்ட 1990 முதல் 1995 ஜனவரி வரை 243 பேருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது; மேல்முறையீட்டில் 143 உறுதியானது. அதே காலத்தில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 20,000 கொலைகள் நடந்தன. நீதிமன்றம் வரை வந்தவை ஆண்டுக்கு ஏறத்தாழ 9,000. கூட்டத்தில் இதை ஒரு அட்டையில் பெரிதாக எழுதிக் காட்டுங்கள். கொலை செய்யப் போகிறவன் கணக்குப் போட்டுப் பார்ப்பான் என்றே வைத்துக்கொள்வோம். அவன் கண்ணுக்குப் படுவது அந்த 143 அல்ல. வழக்கே நடக்காமல் போன பாதிக்கு மேற்பட்ட கொலைகள்தான். பிடிபடுவோம், தண்டனை நிச்சயம் என்ற அச்சமே குற்றத்தைத் தடுக்கும், அதுதான் இங்கே குறைகிறது என்று அந்த நீதிமன்றத்தின் அன்றைய தலைவர் ஆர்தர் சாஸ்கல்சன் எழுதினார். பதினொரு நீதிபதிகளும் ஒரே முடிவுக்கு வந்த வழக்கு அது. 'சுகர்ஸ்' என்ற ஹெராயின் கலவை சாட்ஸ்வொர்த் தெருக்களில் பிள்ளைகளைத் தின்னும்போது மக்கள் கேட்பதும் உண்மையில் இதைத்தான்: விற்கிறவன் யாரென்று தெருவுக்கே தெரியும், போலீஸுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? கயிறு என்ற பேச்சு இந்தக் கேள்வியை அமுக்கிவிடுகிறது. மேடையில் இருக்கும் அதிகாரிக்கு அதைவிட வசதி வேறில்லை.

"ஓட்டெடுப்பு வெச்சா நாங்கதானே ஜெயிப்போம்?" ஒருவேளை ஜெயிக்கலாம். மக்களில் பெரும்பாலோர் தூக்கை விரும்பலாம் என்று அந்தத் தீர்ப்பே ஒப்புக்கொள்கிறது. ஆனால் உரிமைகளைத் தலை எண்ணித் தீர்மானிப்பதானால் அரசியலமைப்பு நீதிமன்றம் எதற்கு என்பதே நீதிபதிகளின் பதில். நடைமுறையில் பார்த்தால், வாக்கெடுப்பு மட்டும் எதையும் மாற்றாது. 1996 அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு உயிர்வாழும் உரிமையை எல்லோருக்கும் கொடுக்கிறது. உரிமைகள் அத்தியாயத்தைத் திருத்த, 400 பேர் கொண்ட தேசிய சபையில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 267 வாக்கு வேண்டும்; கூடவே ஒன்பது மாகாணங்களில் ஆறின் ஆதரவும் வேண்டும். மனித மாண்பு முதலாம் பிரிவிலேயே அடிப்படை மதிப்பாக நிற்பதால், அங்கே கைவைக்க 75 சதவீதம் வேண்டும் என்ற வாதமும் எழும். இதற்கு மேல், மரண தண்டனை ஒழிப்புக்கான ஐ.நா. இரண்டாவது விருப்ப நெறிமுறை என்ற ஒப்பந்தத்தில் தென்னாப்பிரிக்கா 2002இல் சேர்ந்தது. அதிலிருந்து விலக வழி சொல்லும் ஷரத்து அந்த நெறிமுறையில் இல்லை. தேர்தல் நேரத்தில் கயிற்றைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று வாக்குக் கொடுக்கும் வேட்பாளரிடம், அந்த 267 எங்கிருந்து வரும் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஆயுள் தண்டனை என்றால் பத்து வருஷத்தில் வெளியே வந்துவிடுவான் என்பதும் மண்டபத்தில் தவறாமல் வரும். 2004 அக்டோபர் 1க்குப் பிறகு செய்த குற்றத்துக்கு ஆயுள் பெற்றவர் 25 ஆண்டு கழித்த பின்னரே பரோலுக்குப் பரிசீலிக்கப்படுவார். பரிசீலனை என்றால் விடுதலை என்று பொருளில்லை. ஆயுள் கைதி விஷயத்தில் முடிவு அமைச்சருடையது. இங்கே வீட்டார் பலர் அறியாத ஓர் உரிமை இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 299ஏ பிரிவின்படி, கொலையானவரின் நெருங்கிய உறவினர் பரோல் வாரியத்தின் முன் தங்கள் கருத்தைச் சொல்லலாம். ஆனால் அப்படிச் சொல்ல விரும்புவதைச் சிறைத்துறைக்கு எழுத்தில் தெரிவித்து, முகவரியும் கொடுத்திருக்க வேண்டும்; வீடு மாறினால் அதையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கோளாறு வருவது இங்கேதான். 25 ஆண்டில் குடும்பம் மெர்பேங்கிலிருந்து டோங்காட்டுக்குப் போயிருக்கும், அப்பா இறந்திருப்பார், அறிவிப்பு பழைய வீட்டுக்குப் போகும். "எங்களைக் கேக்காம விட்டுட்டாங்க" என்ற கோபம் மறுபடி கயிற்றில் போய் நிற்கும். தண்டனை அறிவித்த வாரமே அந்தக் கடிதத்தை எழுதவையுங்கள். வீட்டில் இளையவர் ஒருவரின் பெயரையும் தொடர்புக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரியவர் ஒருவர் எழுந்து, கொலையிற் கொடியாரை வேந்தன் ஒறுப்பது பயிருக்குக் களை எடுப்பது போல என்ற குறளைச் சொல்வார். தட்டிக்கழிக்காதீர்கள், மரியாதையோடு பதில் சொல்லுங்கள். அதே வள்ளுவர் 'தக்காங்கு நாடி', அதாவது நடந்ததைத் தக்கபடி ஆராய்ந்த பிறகே ஒறுக்கச் சொல்கிறார். நாடாமல் ஒறுத்தால் என்ன ஆகும் என்பது கோவலன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிலம்பு யாருடையது என்று பாண்டியன் கேட்டது தலை விழுந்த பிறகு. "தாத்தா, நம்ம ஊர் போலீஸ் நாடுற லட்சணத்தை நீங்களே பார்க்கறீங்களே, அந்தக் கையில களைக்கொத்தைக் கொடுக்கலாமா?" என்று கேட்டால் அவர் யோசிப்பார்.

அந்தக் கை இந்த நாட்டில் எப்படி வேலை செய்தது என்பதை இளையவர்களுக்கு விவரமாகச் சொல்ல வேண்டும். பிரிட்டோரியா மத்தியச் சிறையில் தூக்குமேடைக்கு 52 படிகள். மேலே ஒரே உத்தரத்தில் ஒரே நேரத்தில் ஏழு பேரைத் தொங்கவிட வசதி. 1987இல் மட்டும் 164 பேர். உடலை வீட்டாரிடம் கொடுக்க மாட்டார்கள்; புதைகுழியைக்கூடக் காட்ட மாட்டார்கள். தூக்கிலிடப்பட்ட அரசியல் கைதிகளின் எலும்புகளைத் தோண்டி எடுத்துக் குடும்பங்களிடம் சேர்க்கும் அரசுத் திட்டம் 2016இல்தான் தொடங்கியது. யார் அந்தப் படி ஏறினார்கள் என்பதில் நிறம் தீர்ப்புச் சொன்னது. சட்ட அறிஞர் பேரண்ட் ஃபான் நீகெர்க் வழக்கறிஞர்களிடம் கருத்துக் கேட்டார். கறுப்பர்களுக்குத் தூக்கு கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்று ஏறத்தாழ பாதிப்பேர் சொன்னார்கள். அதை வெளியிட்டதற்காக 1970இல் அவர்மீது நீதிமன்ற அவமதிப்பு வழக்கு போட்டார்கள். விடுதலையானார், அடுத்த ஆண்டே மரண தண்டனை ஒழிப்புச் சங்கத்தைத் தொடங்கினார். ஏழைக் கைதிக்கு அரசு அமர்த்தியவர் பெரும்பாலும் அனுபவமில்லாத இளம் வழக்கறிஞர். கைதியும் அவரும் பேசிக்கொள்ள நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். உயிர் போகிற வழக்கு இப்படித்தான் நடந்தது. ஒரு கவுன்சிலர் கொலைக்காகத் தூக்கு விதிக்கப்பட்ட 'ஷார்ப்வில் அறுவர்' 1988 மார்ச்சில் தூக்குக்கு முதல் நாள் தடையுத்தரவு பெற்றுப் பிழைத்தார்கள். உலகம் முழுக்கக் குரல் எழும்பிய வழக்கு அது.

உள்ளூர் வேலை இவ்வளவு. இன்னொரு பாதி வெளிநாட்டு வழக்குகள். எல்லைக்கு அப்பால் போட்ஸ்வானாவில் இன்னும் தூக்கு உண்டு. அங்கே தேடப்படுபவர் இங்கே பிடிபட்டால், தூக்கிலிட மாட்டோம் என்ற உத்தரவாதம் இல்லாமல் அவரை ஒப்படைக்க முடியாது. 2001இல், அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட மொஹமத் வழக்கிலும், 2012இல், போட்ஸ்வானா தேடிய செபே வழக்கிலும் அரசியலமைப்பு நீதிமன்றம் இதைத் தீர்த்துச் சொன்னது. இரண்டுக்கும் காரணம் அதிகாரிகள் அவசர அவசரமாக ஆளை அனுப்பியதும் அனுப்பப் பார்த்ததும்தான். அதனால் கைது நடந்த அன்றே வழக்கறிஞர் ஒருவர் அந்த உத்தரவாதத்தைப் பற்றி எழுத்தில் கேட்டுவிட வேண்டும்.

நம் பிள்ளை வெளிநாட்டில் மாட்டிக்கொண்டால் நிலைமை கடினம். போதைப்பொருள் பையோடு பிடிபட்ட தென்னாப்பிரிக்கப் பெண் ஒருவரைச் சீனா 2011 டிசம்பரில் கொன்றது. அரசியலமைப்பு நீதிமன்றத்தின் 2004 கவுண்டா தீர்ப்புப்படி, நம் அரசு தலையிட்டே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் குடிமகன் உதவி கேட்டால் அதை அரசு முறையாகப் பரிசீலித்தாக வேண்டும். ஆகவே தொலைபேசியில் கெஞ்சுவதோடு நிறுத்தாதீர்கள். பிரிட்டோரியாவிலுள்ள வெளியுறவுத் துறையின் தூதரகச் சேவைப் பிரிவுக்குத் தேதியிட்ட கடிதம் போக வேண்டும். நகல் உங்களிடம் இருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் தமிழர்கள் தூக்கிலேறும்போது நமக்கு இங்கே நெஞ்சு பதறுகிறது. அங்கே 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் தூக்கு. 2013 முதல் இரண்டு சிறு வாசல்கள் திறந்திருக்கின்றன. வெறும் சுமந்து சென்றவர் என்பதோடு, கடத்தலை முறியடிக்கக் கணிசமாக உதவினார் என்று அரசுத் தரப்பு சான்றளிக்க வேண்டும். இல்லையென்றால், சுமந்து சென்றவரின் மனநலக் குறைபாடு அவருடைய பொறுப்பைப் பெரிதும் குறைத்தது என்று நிறுவ வேண்டும். அறிவுத்திறன் 69 என்று மதிப்பிடப்பட்ட நாகேந்திரன் தர்மலிங்கம் 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிடப்பட்டார். பள்ளி அறிக்கைகள், மருத்துவச் சீட்டுகள், சிறுவயதில் கவனித்த ஆசிரியரின் வாக்குமூலம் எல்லாம் முதல் விசாரணைக்கே போக வேண்டும். கருணை மனு வரை காத்திருந்தால் யாரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள். இந்தியாவில் தாமதமே ஒரு வாதமாகும். கருணை மனுவை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட்டால் தண்டனையைக் குறைக்கலாம் என்றும், மனு நிராகரிக்கப்பட்டால் 14 நாளாவது இடைவெளி வேண்டும் என்றும் 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே பேரறிவாளன், முருகன், சாந்தன் மூவரின் தூக்கும் ஆயுளானது. சிங்கப்பூரில் அந்த வாதம் எடுபடாது. ஒரு நாட்டில் வென்ற கடிதத்தைப் பெயர் மாற்றி இன்னொரு நாட்டுக்கு அனுப்புகிறவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடிதம் ஒரு பக்கம் போதும். கைதியின் பெயர், வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, என்ன கேட்கிறீர்கள், இவை முதல் பத்தியிலேயே வரட்டும். அச்சடித்த ஒரே வாசகம் ஐநூறு வந்தால் தூதரகம் அதை ஒரு கடிதமாகத்தான் எண்ணும்; உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். அந்த நாட்டை வையாதீர்கள். நீதிமன்றம் ஏற்காத நிரபராதி வாதத்தைக் கருணை மனுவில் திணித்தால், உள்ளே இருக்கும் இரக்கக் காரணங்களும் சேர்ந்து அடிபடும். வாட்ஸ்அப்பில் படத்தைப் பரப்பும் முன் குடும்பத்தைக் கேளுங்கள். விளம்பரம் சில வழக்குகளைக் காப்பாற்றும், சிலவற்றில் மேலிடத்தின் வீம்பைக் கிளப்பிவிடும். சிங்கப்பூரில் தேதி குறித்த அறிவிப்பு குடும்பத்துக்கு வருவது சில நாட்கள் முன்னால்தான். அதற்குப் பிறகு காகிதம் தேட நேரம் கிடையாது. தீர்ப்பின் நகல், மருத்துவச் சான்றுகள், சான்றளித்த மொழிபெயர்ப்பு, கைதி கையெழுத்திட்ட அனுமதி, தூதரக மின்னஞ்சல் முகவரிகள் எல்லாம் மேல்முறையீடு நடக்கும் காலத்திலேயே ஒரே கோப்பில் இருக்கட்டும். அதன் நகல் ஒன்றைக் குடும்பத்திலும் ஒன்றை வழக்கறிஞரிடமும் கொடுத்து வையுங்கள்.